துடைக்காத தோட்டாக்கள்

நான் துடைக்கவில்லை. துடைத்ததாக என் மகனிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்...

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். சுவிஸ் நாட்டின் ஷ்லீரன் நகரில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள் நான். மேசையில் ஒரு விரல் அடையாளம் இருந்தாலும் எனக்கு மனம் ஆறாது. அப்படிப்பட்டவள் ஒரு பெட்டித் தோட்டாக்களைத் துடைக்காமல் விட்டேன் என்றால், மறதி என்று எண்ணிவிடாதீர்கள். வேண்டுமென்றே விட்டேன்!

என் மகன் ஆதவன் இந்த நாட்டில் பிறந்தவன். இராணுவப் பயிற்சி முடிந்து வந்ததும், இங்குள்ள பிள்ளைகளைப் போலவே குறிபார்த்துச் சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்தான். பழைய துப்பாக்கி ஒன்றும் வாங்கினான். சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வருவான். அவை சீராக்கும் அச்சில் சிக்காமலிருக்க மசகு எண்ணெய் பூசி, அழுத்திச் சீராக்கி, வெடிமருந்தும் குண்டும் இட்டுத் தானே தோட்டா செய்வான். நிலவறையில் அவன் சீட்டியடித்தபடி வேலை செய்வது படிக்கட்டு வரை கேட்கும்.

நானோ சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். யாழ்ப்பாணத்தில் என் தம்பியைக் கொன்றது ஒரு தோட்டா. அதற்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்தேன்... நான் பெற்ற பிள்ளை அதையே வரிசையாக அடுக்கிவைத்து அழகு பார்க்கிறானே!

சங்கத்தின் சுடும் போட்டிக்கு முந்தின நாள் அவனைத் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அம்மா, தோட்டாவில மசகு பிடிச்சிருக்கு. ஸ்பிரிட் துணியால வடிவாத் துடைச்சு விடுங்கோ. துடைக்காட்டித் துவக்குக்குக் கூடாது," என்றான். வாசலில் நின்று சிரித்தான். "உங்களைப் போலத் துடைக்க இந்தச் சுவிசில ஆர் இருக்கினம்?"

துவக்குக்குக் கூடாது, துப்பாக்கி கெட்டுவிடும்... அந்தச் சொல்லை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். கெட்டுப் போகட்டும், அந்தச் சனியன் இந்த வீட்டைவிட்டுத் தொலையட்டும்! பெட்டியை அப்படியே மூடிவைத்தேன். துப்பாக்கிக்கு வரும் கேடு அதைப் பிடித்திருப்பவனுக்கும் வரும் என்று எனக்குத் தெரியாதா? அல்லது, தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லையா?

மறுநாள் போட்டியிடத்தில் ஆதவன் தன் துப்பாக்கியை முதலில் சுட்டுப் பார்க்க நண்பன் மார்ட்டினிடம் கொடுத்தான். எங்கள் வீட்டில் புட்டும் சொதியும் தின்று பழகிய சுவிஸ் பிள்ளை அவன். மசகு வழுக்கியதால், வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு குழலைப் பற்றி நிற்காமல் பின்னோக்கி உதைத்தது. பழைய துப்பாக்கி தாங்கவில்லை. கூடு கிழிந்து, கொதிக்கும் புகை மார்ட்டினின் வலக்கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண் போய்விட்டது.

செய்தி கேட்டதும் நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்ல காலம், என் பிள்ளை இல்லை! அப்படித்தான் நினைத்தேன்... அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆதவன் மிஞ்சிய தோட்டாக்களை வீட்டில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினான். அப்போதுதான் துடைத்தேன்! ஒவ்வொன்றாக எடுத்து, பளபளவென்று... பொலிசார் வந்து எடுத்துச் சென்று பார்த்தபோது அவற்றில் ஒரு துளி மசகும் இல்லை.

மாலையில் அவன் என் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, நீங்கள் துடைச்சனீங்கள்தானே?"

"ஓம் ராசா, துடைச்சனான்."

"அப்ப நான்தான் வெடிமருந்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டிட்டன்..." என்று சுவரில் சாய்ந்து அழுதான். என் பிள்ளை அப்படி அழுததை நான் கண்டதில்லை. வாயைத் திறந்தேன். அவன் என்னை இனி எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். மூடிக்கொண்டேன்.

துப்பாக்கி போயிற்று. நான் கேட்டது கிடைத்தது! அதோடு அவனுடைய சீட்டியும் போயிற்று. நிலவறைக்கு அவன் இறங்குவதே இல்லை.

மார்ட்டின் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். யார் மீதும் அவனுக்குக் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன வாரம் சாப்பிடும்போது வலப்பக்கத்துத் தண்ணீர்க் கோப்பை அவன் கண்ணில் படவில்லை. கை தட்டிக் கவிழ்ந்தது. அவன் வெட்கத்தோடு சிரித்தான். நான் துணியோடு ஓடினேன்.

ஆதவன் எழுந்து என் கையைப் பிடித்தான்.

"விடுங்கோ அம்மா. என்னால வந்த வினைதானே... நான் துடைக்கிறன்."

நான் துணியை அவனிடம் கொடுத்தேன்.