சாப்பாடு போட்டுச் சம்பளம்

எழுபதுகளில் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் வேலை செய்தேன். தண்ணீர் ஊற்றுவது, எச்சில் இலை எடுப்பது, மேசை துடைப்பது. ஆறாவதோடு பள்ளியை விட்டவனுக்கு அதைவிடப் பெரிய வேலையை யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டுச் சம்பளம் என்பார்கள். மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடலாம், அடுப்பு அணைந்த பிறகு சமையல்கட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். மாதம் பிறந்தால் கையில் தருவது சோப்புக்கும் பீடிக்கும் சரியாகப் போகும். ஒரு வயிற்றுக்கு அதில் குறையே இல்லை. ஆனால் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

மனைவி வரதய்யபாளையத்தில் அவள் நைனா வீட்டில் இருந்தாள். சமையல்கட்டில் அவளை எங்கே கொண்டுவந்து வைப்பது? லீவு கிடைத்து மாமனார் வீட்டுக்குப் போனால் கோழி அடித்துப் போடுவார்கள். அவளை எப்போது கூட்டிப்போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டுவிடுவார்களோ என்று இலையை விட்டுத் தலை தூக்காமல் சாப்பிட்டுவிட்டு, காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். திருப்பதியோ ஊர் உலகமெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்குகிற இடம். ஒரே வடையைப் புருஷனும் பெண்டாட்டியும் பிட்டுத் தின்பதைப் பார்த்துக்கொண்டே அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

ஓட்டல் தொழிலாளிக்கு அரசாங்கம் வைத்த கூலி இவ்வளவு என்று தெலுங்கில் ஒரு நோட்டீஸ் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. ஒட்டச் சொல்லிச் சட்டம், ஒட்டியிருந்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தக் கூலி கிடைத்தால் திருச்சானூரில் ஒரு ரூம் எடுத்து இரண்டு பேர் பிழைக்கலாம். ஆனால் அது முதலாளியின் ஆள் கணக்கில் பேர் இருப்பவர்களுக்கு. என்னையும் சேர்த்து எங்களில் பாதிப் பேருக்கு மேல் கணக்கில் இல்லை.

லேபர் ஆபீசர் வருகிறார் என்றால் முதல் நாளே முதலாளிக்குச் சேதி வந்துவிடும். கணக்கில் இல்லாதவர்கள் நெற்றியில் நாமம் போட்டு, வெளுத்த சட்டை மாட்டிக்கொண்டு, மலைக்குப் போய் வந்த ஜனம் மாதிரி மேசையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கணக்கில் இருப்பவர்கள் எங்களுக்குப் பரிமாறுவார்கள். அது எங்கள் ஓட்டல் வழக்கம். மற்றவர்களுக்கு அன்றைக்குப் பண்டிகை. இன்னொரு அப்பளம் கேட்கலாம், முதலாளியால் முறைக்க முடியாது. நான் மட்டும் பதில் தேடிக்கொண்டிருப்பேன். எந்த ஊர் என்று கேட்டால்? எந்த லாட்ஜ் என்று கேட்டால்? தனியாகவா வந்தாய் என்று கேட்டால்?

பக்கத்தில் படுக்கிற சப்ளையர் ஒருவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்குப் பெற்றவர்களும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. எனக்கு அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான்.

"இன்னாடா இப்பிடி நடுங்கினு கீற?" என்பார். "பேசாம மொட்ட போட்டுக்கினு வந்து குந்து. மொட்டத் தலைய எவனும் வேலக்காரன்னு சொல்ல மாட்டான்."

அந்தத் தடவை வந்தவர் புது ஆபீசர். கல்லாவுக்குப் போகாமல் நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பாடு கேட்டார். பக்கத்தில் அண்ணன். நான் ஊர், லாட்ஜ் எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பார் காரத்தில் அவருக்குப் புரையேறியது. டம்ளரைக் காலி செய்து வைத்தார்.

நான் யோசிக்கவே இல்லை. எழுந்து பக்கத்து மேசை ஜக்கை எடுத்து, சிந்தாமல் ஊற்றினேன். இடது கை தோளில் துடைக்கிற துணியைத் தேடியது. துணி இல்லாமல் கை தோளிலேயே நின்றுவிட்டது.

ஆபீசர் என் கையைப் பார்த்தார். இங்கே எத்தனை நாளாக வேலை செய்கிறாய் என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். மேசைக்கடியில் அண்ணன் என் காலை மிதித்தார். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் இந்தக் கேள்விக்கு இல்லை.

"மூணு வருசமா, சார்."

சம்பளம் கேட்டார், சொன்னேன். அவர் கேட்காததையும் சொன்னேன்.

"பெண்டாட்டிய இட்டாந்து வெச்சிக்க முடியல, சார்."

அடுத்த மாதம் எல்லாருடைய பேரும் கணக்கில் ஏறியது. முதலாளி திட்டவில்லை. நோட்டீஸில் உள்ள கூலியைத் தருகிறேன், இனிமேல் சாப்பாடும் படுக்கையும் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு, ராத்திரி சமையல்கட்டுக்குப் பூட்டுப் போட்டார். அதையும் அநியாயம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கூட வேலை செய்தவர்கள் யாரும் என்னை ஏசவும் இல்லை. நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

அண்ணன் பாகாலாவுக்குப் போனார். அங்கே ரயிலடி ஓட்டலில் இன்னும் சாப்பாடும் இடமும் தருகிறார்களாம். அவர் டிரங்குப் பெட்டியை பஸ் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"உம்மேல கோவம் இல்லடா," என்றார். "நீ கேட்டது ஞாயம்தான். உனுக்கு வூடு வேணும், கேட்ட. எனுக்கு அந்த அடுப்படிதான்டா வூடு."

பெட்டியை பஸ்ஸில் ஏற்றி அவர் காலடியில் தள்ளி வைத்தேன். கேட்டது தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

திருச்சானூரில் ரூம் எடுத்தேன். மாமனார் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பால் காய்ச்சுகிற நாளுக்கு ஓட்டலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மனைவி வீட்டுக்காரம்மாவிடம் டம்ளர்கள் இரவல் வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பால் பொங்கியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தேன். கோயிலுக்குப் போகிறவர்கள். பால் ஆறி ஆடை கட்டியது. வீட்டுக்காரம்மா உறை ஊற்ற அதை வாங்கிக்கொண்டு போனார்.

"மூணு வருசமா கீற ஊரு," என்றாள் மனைவி. "ஒருத்தர்கூடவா உனுக்கு இல்ல?"

இருந்தார் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எங்கே என்று கேட்பாள். பாகாலா என்றால் ஏன் போனார் என்பாள். அதைச் சொல்லிவிட்டால், வந்த அன்றைக்கே இந்த ரூமில் அவளால் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்க முடியுமா? வேலைக்கு நேரமாகிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.