வசந்தாமணிக்குக் கிடைத்த ஆயுள்

குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த வசந்தாமணிக்கு முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு தண்ணீரும் நெஞ்சிலேயே நின்றது. உணவுக்குழாயில் புற்று என்றார்கள் கோயம்புத்தூர் மருத்துவர்கள். குழாயின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றையே குழாய்போலத் தைத்து நெஞ்சுக்குள் இழுத்து இணைத்தார்கள். மயக்கம் தெளிந்து பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இனிமே எனக்கு வயிறு எங்கீங்க இருக்கும்?" என்பதுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர் மாரக்காள். அதே நோய், அதே வாரத்தில் அதே மருத்துவர் செய்த அறுவை. கணவர் தனசேகர் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு கரண்டிக் கஞ்சிக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டியை எடுப்பார். ஆராய்ச்சிக்கென்று டாக்டர்கள் ரத்தம் கேட்டு வந்தபோது வசந்தாமணி தயங்கினாள்.

"குடுத்துடலாம் வசந்தா. நமக்கு ஆவலைன்னாலும் வேற யாருக்காச்சும் ஆவும்" என்றாள் மாரக்காள். இருவரும் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே மாரக்காளுக்கு நோய் திரும்பியது. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். வசந்தாமணியோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கி, மறுபடி தறிக்கே போனாள். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மாரக்காள் போனபின் அந்தச் சொல்லைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சி செய்த டாக்டர் நர்மதாவிடம் கேட்டேவிட்டாள். "நான் மட்டும் எப்புடீங்க பொழைச்சேன்? அந்தக்கா என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாவமெல்லாம் இல்லைம்மா. நம்ம செல்லுக்குள்ள கோடிக்கணக்கான எழுத்து இருக்குன்னு வெச்சுக்குங்க. ஆளுக்கு ஆள் அங்கங்கே ஒரு எழுத்து மாறியிருக்கும். இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நிறையப் பேரோட ரத்தத்தைப் பார்த்தோம். ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறினவங்க கூடுதல் காலம் இருக்காங்க. உங்களுக்கும் அது மாறியிருக்கு. அது ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல முடியாது."

"அந்தக்காளுக்குங்க?"

"அடுத்தவங்களோடதை நான் சொல்லக்கூடாதும்மா."

"கருவுலயே வந்துதுங்களா அது?"

"ஆமா. அம்மாகிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ."

வசந்தாமணி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பெற்றவர்கள் இருவரும் அதை அறியாமலே செத்துப்போயிருந்தார்கள். அவள் வேண்டிப் பெற்றதில்லை, உழைத்துச் சேர்த்ததில்லை. நோய் வருவதற்கு நாற்பது வருடம் முன்பே உடம்பெங்கும் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. அவளுக்கு மெய் சிலிர்த்தது. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே ஆத்தூருக்குப் போனாள். தனசேகர் மெலிந்திருந்தார்.

"நான்தாம்மா சரியா பாத்துக்கல. மில்லு வேலையை விட்டுட்டுக் கூடவே இருந்திருந்தா பொழைச்சிருப்பா" என்றார்.

"அப்படி நெனைக்காதீங்கண்ணா. நானென்ன அக்காளை விட நல்லாவா என்னையப் பாத்துக்கிட்டேன்? பொறக்கும்போதே உள்ள என்னென்னமோ எழுதியிருக்குதாமுங்க. டாக்டருங்களே இப்பத்தான் ஒண்ணொண்ணா படிக்கறாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ பெரிசும்மா இருக்கும் அந்த எழுத்து?"

"கண்ணுக்கே தெரியாதாமுங்க."

தனசேகர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஏற்றிவிட அவளோடு கூட நடந்தார்.