கேட்காமலே போட்ட கையெழுத்து

என் மகள் மூன்றாம் வகுப்பு. தினமும் அவள் வாசிப்பதைப் பத்து நிமிடம் கேட்டு, நோட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது டீச்சர் வைத்த பழக்கம். நிலக்கோட்டையில் வீட்டிலிருந்தே பூ கட்டும் நான், தலை நிமிராமல் கேட்டுக் கையெழுத்திடுவேன்.

ஒருநாள் வாசிக்கும் சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது. புத்தகமோ என் அருகில் கிடந்தது!

"ஏய், புத்தகம் இங்கன கிடக்கு. நீ அங்கன எதைப் பாத்து வாசிக்கிற?"

"தண்ணி குடிக்க வந்தேம்மா. அதான் மனப்பாடமா வருதுல்ல!"

வேறு பக்கத்தைக் காட்டினேன். முதல் வரியிலேயே திணறினாள். கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தேன்.

மறுநாள் கூச்சத்தை விட்டு டீச்சரிடம் சொன்னேன். "உங்க கையெழுத்தை நம்பித்தாம்மா, இவளுக்குத் தனியாச் சொல்லித்தராம விட்டுட்டேன்" என்றார்.

இப்போது அந்தப் பத்து நிமிடம் பூவைத் தொடுவதில்லை. கேட்க முடியாத நாளில் கையெழுத்தும் போடுவதில்லை.