புழங்கிய பெட்டிகள்

பழம்பொருள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பித்தளைக்கும் வெள்ளிக்கும் மெருகேற்றுவது அவள் வேலை. எல்லோருக்கும் பாலிஷக்கா. புருஷன் விட்டுப் போனபின் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டவள். தம்பி மனைவியோடு காலையில் ஒரு சண்டை, சாயங்காலம் சமாதானம் என்று நாள் ஓடியது.

கடையில் நல்ல விலைக்குப் போனவை டச்சுக்காரர்கள் காலத்து வெற்றிலைப் பெட்டிகள். கருங்காலியிலும் ஆமையோட்டிலும் செய்து, மூலைகளில் வெள்ளித் தகடு பதித்து, உள்ளே இலைக்கும் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் தனித்தனியாக இடம் வைத்தவை. ஒருநாள் வாங்க வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல யாரும் வெத்தலையே வச்சதில்லை போலிருக்கே" என்று திருப்பி வைத்துவிட்டார். பெட்டி அசல்தான். முன்பு வைத்திருந்தவர்கள் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

முதலாளி அதைப் பின்னறைக்கு எடுத்து வந்தார்.

"அக்கா, இதைக் கொஞ்ச நாள் நீங்க புழங்குங்க. வெத்தலை பாக்கெல்லாம் என் செலவு."

"எனக்குப் போட்டுப் பழக்கமில்லையே, முதலாளி."

"சும்மா வச்சா வாடித்தான் போகும். எடுத்துப் போட்டு, திரும்ப வச்சு, கை பட்டாத்தான் கறை பிடிக்கும்."

முதல் தடவை தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பழகிப்போனது. வெள்ளி மூலைப் பெட்டியை மடியில் வைத்துக் காம்பு கிள்ளும்போது யாருக்கும் பாரமில்லாதவள்போல் உணர்ந்தாள். கறையேறிய பெட்டி முன்கடைக்குப் போகும், இன்னொன்று வரும். போகிற பெட்டியைக் கதவு மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அண்ணி, உங்க வாயைப் பார்த்தா கோழியைக் கடிச்ச நரி மாதிரியே இருக்கு" என்று தம்பி மனைவி சிரிப்பாள்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. எனக்குப் பாதி வயசுல வந்து ஒட்டிக்கிச்சு. பாதி தூரமாவது கூட வரட்டுமே."

சில வருஷங்களில் பெட்டிகள் வருவது நின்றது. பழக்கம் நிற்கவில்லை. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை ஏறியது, அதில் புகையிலையும் சேர்ந்தது.

பிறகு காரம் பட்டால் வாய் எரிந்தது. கவளம் சிறுத்துக்கொண்டே வந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

"அண்ணி, வாயைத் திறங்க."

"திறந்துதான் இருக்கேன்."

ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி. தம்பி மனைவி கையைக்கூடக் கழுவாமல் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

புற்று முற்றியிருந்தது. கன்னத்தோடு தாடையில் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார்கள். பேச்சு போனது. முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் காலைப் பார்த்தபடியே, "நான் கொஞ்சமாத்தானே போடச் சொன்னேன்" என்றார். தம்பி சட்டென்று எழுந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி படியிறங்கும்வரை விடவில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டு, கடிக்கப் பழம் வேற!" என்று தம்பி மனைவி பையைத் தூக்கி மூலையில் போட்டாள். பாலிஷக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது, மறுபக்கத்தில் எச்சில் வழிந்தது.

வீட்டுக்கு வந்தபிறகும் ஆசை விடவில்லை. தெருவில் யாராவது மென்றுகொண்டு போனால் அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பும். ஒரு மத்தியானம் தம்பி மனைவியின் புடவையைப் பிடித்திழுத்து, உள்ளங்கையில் இலை மடிப்பதுபோல் காட்டினாள்.

"பைத்தியமா உங்களுக்கு? இன்னுமா?"

அவள் இல்லையென்று தலையாட்டி, மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

தம்பி மனைவி முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரே ஒரு இலை வாங்கி வந்தாள். அவள் அதைக் கசக்கிக் கசக்கி, இருட்டும்வரை மோந்துகொண்டே கிடந்தாள். அந்த வாரமே போய்விட்டாள்.