வெயிலில் காய்ந்த ராக் கேசட்டுகள்

எங்கள் தெருவில் என்னைக் 'கேசட்டுக்காரி' என்பார்கள். கேலிதான், ஆனால் நான் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டேன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, மறைந்துபோன ஒரு ராக் பாடகரின் மேடைப் பதிவுகளையும் பேட்டிகளையும் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறாள் என்றால் சும்மாவா?

கடையில் விற்ற பாட்டெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. மதுரையில் ஒரு கல்லூரி விழாவில் கரண்ட் போன பிறகும் மைக் இல்லாமல் பாடி முடித்தாரே, அது வேண்டும். பெங்களூரில் கிட்டார் கம்பி அறுந்ததும் கூட்டத்தோடு வாயாடினாரே, அதுவும் வேண்டும். வைத்திருந்தவர்கள் பிரதி எடுத்து அனுப்புவார்கள். பதிலுக்கு நான் எங்கள் அச்சகத்துக் காலண்டர் அனுப்புவேன். முடி வளர்த்த பெங்களூர்ப் பையன்கள் வீட்டுச் சுவரிலெல்லாம் நான் அனுப்பிய லட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு கேசட் மட்டும் யாரிடமும் வாங்கியதல்ல. அவருடைய கேசட் அட்டை ஒன்று எங்களிடம் அச்சானது. சிவப்பு சரியாக வரவில்லை என்று அவரே நேரில் வந்துவிட்டார். மெஷின் மறுபடி ஓடும்வரை எதிரில் டேப் ரெக்கார்டரை வைத்து நானே கேள்வி கேட்டேன். ரேடியோ பேட்டிகளில் இங்கிலீஷில் வீறாப்பாகப் பேசுகிறவர், என்னிடம் தமிழில் சாவகாசமாகப் பேசினார். யார் எத்தனை கெஞ்சியும் அதற்கு மட்டும் நான் பிரதி கொடுக்கவில்லை.

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். அவர் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது.

"பாட்டெல்லாம் இருக்கு ஆன்ட்டி. அப்பா வீட்ல பேசற மாதிரி பேசினதுதான் எங்கேயுமே இல்ல. உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கும்மா, நாளைக்கே போட்டுக் காட்டுறேன்" என்றேன், பெருமை தாங்காமல்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், மொட்டைமாடியில் சாக்கு விரித்து அத்தனை கேசட்டும் வரிசையாகக் காய்கிறது. இரவு மழையில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் வெடி காயவைக்கிறவர். ஈரம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்று கத்தினேன்.

"நமத்துப் போயிருந்துச்சு புள்ள. ஒரு பக்கமாக் காயக்கூடாதுன்னு திருப்பித் திருப்பிப் போட்டேன்" என்றார். நான் பாராட்டுவேன் என்று வேறு நினைத்திருக்கிறார்.

மற்றவை போனால் போகட்டும், எங்கேயாவது பிரதி இருக்கும். பேட்டிக் கேசட்டின் கூடு அப்பளமாக வளைந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன் என்று அழுகை முட்டியது.

பிறகு கோபம்தான் கைகொடுத்தது. ஒரு பக்திப்பாட்டுக் கேசட்டைக் கழற்றினேன், சாமி மன்னிக்கட்டும். வளைந்த கூட்டிலிருந்து நாடாவை எடுத்து அதற்குள் மாற்றினேன். நாடாவின் நுனியை என் கணவர்தான் பிடித்துக்கொண்டார். வெடிமருந்தோடு பழகிய விரல்கள், கொஞ்சமும் நடுங்கவில்லை.

நாடா இரண்டாவது தடவை தாங்குமா என்று தெரியாததால் ஓட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை என் போனில் அழைத்து, கணவரை அவர் போனில் பதிவு செய்யச் சொல்லிவிட்டு பட்டனை அழுத்தினேன். முதலில் இரைச்சல். அப்புறம் அச்சு மெஷினின் சத்தம். அதற்கு மேல் பாடகரின் குரல், கொஞ்சம்கூடப் பிசகாமல். எத்தனை ஊர் ரசிகர்கள் தேடியும் கிடைக்காத குரல், என் கேள்விக்குப் பதில் சொல்கிறது!

பாட்டு பிறந்த கதை, மேடை பயம் எல்லாம் சொன்னார். நடுவில், "தங்கச்சி, இன்னொரு டீ கிடைக்குமா? சக்கரை கம்மியா" என்றார்.

நாடா முடிந்தது. அந்தப் பெண் பாட்டைப் பற்றி ஏதாவது கேட்பாள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

"அந்த டீ கேக்கறதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க ஆன்ட்டி" என்றாள்.