மூட்டை மேல் மாமாவின் மீசை

தார் வாசனை வந்தால் எனக்கு இன்றும் மிளகு ஞாபகம்தான் வரும். பட்டணத்தில் ட்ராமுக்கு நிற்கும்போது பக்கத்தில் ரோடு போடுகிறார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் மட்டும் மலைமேல் வாழவந்தி நாட்டில், எங்கள் வாசலில், காயப்போட்ட சாக்குகளுக்கு நடுவே நிற்கிறேன்...

ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். மேலே படிக்க வேண்டுமானால் மலையிறங்கி நாமக்கல் விடுதியில் தங்க வேண்டும். "மிளகு நல்லா வித்தா அனுப்பறேன் கண்ணு" என்றிருந்தார் அப்பா.

மிளகு நன்றாகத்தான் காய்த்திருந்தது. அதன் பேர்தான் கெட்டுப் போயிருந்தது. யாரோ ஒரு தரகர் பப்பாளி விதையைக் கலந்து, மலைச் சரக்கு என்று அடிவாரத்து மண்டியில் தள்ளிவிட்டார். எங்கள் மூட்டைக்கும் அவர் மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. சாக்கு, சாக்கு மாதிரித்தானே இருக்கும்?

"நம்ம சரக்குன்னு தூரத்துலயே தெரியற மாதிரி ஒரு மார்க்கு போடோணும்" என்றார் அப்பா.

அம்மாவின் தம்பி, என் மாமா, உடனே மீசையைத் தடவினார். அந்த மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு நுனியும் தேள் கொடுக்கு மாதிரி மேலே சுருண்டு நிற்கும். "வெளக்குக்கு இல்லாத எண்ணெய் இவன் மீசைக்கு மட்டும் இருக்குது" என்பது அம்மாவின் நித்திய புகார்.

"புலி போடலாமுங்க மச்சான்" என்றார் மாமா.

"புலிக்கும் மொளகுக்கும் என்னடா சம்பந்தம்?"

"அப்ப பலாப்பழம்?"

"பலாப்பழம் விக்கறோம்னு நெனச்சுக்குவாங்க."

கடைசியில் அப்பாவே ஒரு முடிவுக்கு வந்தார். எங்கள் மலைத் தெய்வம் எட்டுக்கை அம்மன். அம்மன் இருக்கிற மூட்டையில் பப்பாளி விதை கலக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அடிவாரத்தில் சிம்னி விளக்குச் செய்யும் தகர வேலைக்காரர் ஒருவர் இருந்தார். மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து, தகட்டில் உருவத்தைத் துளையாக வெட்டிக் கொடுப்பார். அதைச் சாக்கின் மேல் வைத்துத் தாரைப் பூசினால் படம் விழும்.

"எட்டுக் கையும் இதுல அடங்காதுங்க. நாலோட நிறுத்திக்கலாமுங்களா?"

"அம்மனுக்குக் கை கொறைக்க நான் யாருங்க?" என்றுவிட்டார் அப்பா.

எட்டும் வந்தன. சாக்கில் பதிந்தபோது கொஞ்சம் நண்டு மாதிரி இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூட்டைகள் தலைச்சுமையாக இறங்கின. நானும் கூடப் போனேன்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மண்டிக்காரர் உள்ளே குழலாக இருக்கும் குத்தூசியை மூட்டையின் வயிற்றில் இறக்குவார். அந்தக் குழலோடு உள்ளே இருக்கிற சரக்கு கொஞ்சம் வெளியே வரும். அதைப் பார்த்துத்தான் விலை. அன்றும் குத்தூசியை ஓங்கினார். அம்மனைப் பார்த்தார். குத்தூசியைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க... அம்மன் வகுத்துல எப்படீங்க குத்தறது?"

"பொறத்தால குத்துங்க" என்றார் அப்பா.

"முதுகுல குத்தறது அதவிடப் பாவமுங்க."

"வாயைப் பிரிச்சுக் காட்டறேன், பாருங்க."

"போன தடவ மேல நல்லதைப் போட்டு அடியிலதானுங்க பப்பாளி வெத வெச்சிருந்தாங்க."

அதற்குள் ஒருவர் மூட்டைக்குக் குங்குமம் வைத்துவிட்டார். ஒரு அம்மாள் இருமலோடு இருந்த குழந்தையைக் கொண்டுவந்து முன்னால் கிடத்தினாள். சந்தை கலைவதற்குள் எங்கள் மிளகுக்குக் கற்பூரம் காட்டியாயிற்று. வாங்கத்தான் ஆளில்லை.

மூட்டைகள் மறுபடி மலையேறின. "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சாமி" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மாதான் வெடித்தார். "குத்தறதுக்கு ஒரு மூஞ்சி வேணும், அவ்வளவுதானுங்களே? இந்தா, இவன் மூஞ்சியப் போடுங்க! எவனும் கன்னத்துல போட்டுக்க மாட்டான்."

மாமாவுக்கு அதில் இருந்த அவமானம் உறைக்கவே இல்லை. எண்ணெய் தடவிக்கொண்டு போய்த் தகர வேலைக்காரர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வெட்டிக் கொடுத்தது ஒரு மீசை, இரண்டு புருவம். அவ்வளவுதான்.

"என்ற மூக்கு எங்கீங்க?" என்றார் மாமா.

"மூக்கு எல்லாருக்கும் இருக்குதுங்க."

அம்மன் சாக்குகளைக் கால் படாமல் மடித்து அம்மா பரணில் ஏற்றினார். புதுச் சாக்குகளில் மீசை ஏறியது.

அடுத்த சந்தையில் மண்டிக்காரர் மூட்டையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்தார். மறுபடி மூட்டையைப் பார்த்தார். சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, இல்லாத மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் குத்தூசியை இறக்கினார்.

மாமா தன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் ஓரமாக் குத்துங்க!"

"ஓரத்துலயும் பாத்தரலாமுங்க" என்று இன்னொன்று.

எங்கே குத்தினாலும் மிளகுதான் வந்தது. மூட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வாரமே அப்பா என்னை நாமக்கல்லில் கொண்டுபோய் விட்டார்.

அதன்பின் மீசை மாமாவுடையதாக இல்லை. ஒரு முறை ஏதோ ஆசையில் மழித்துக்கொண்டு சந்தைக்குப் போனார். "நீங்க யாருங்க? மீசைக்காரர் வரலீங்களா?" என்று மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். அது திரும்ப வளரும்வரை மாமா மலையிறங்கக் கூடாது என்று அம்மா தடை போட்டார்.

இங்கே ட்ராமுக்குள் ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் சோப்புக்கு ஒரு ரோஜா, தைலத்துக்கு ஒரு ராணி, பீடிக்கு ஒரு சிங்கம். எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. எங்கேயாவது குத்தினால் "ஐயோ" என்று சொல்ல, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று என் கண் தானாகத் தேடுகிறது.

போன லீவில் ஊருக்குப் போனபோது புதுச் சாக்குகளுக்கு அச்சு வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மூட்டையிலும் மீசை கன்னங்கரேல் என்று முறுக்கிக்கொண்டு நின்றது. நடுவே மாமா உட்கார்ந்திருந்தார். அவருடையது பாதிக்கு மேல் நரைத்து, நுனி தொங்கியிருந்தது. மூட்டையைப் பார்த்தார். மீசையைத் தடவினார். அம்மா அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு, தார்ச் சட்டியை என் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"கொஞ்சம் மிச்சம் கெடக்குது கண்ணு... இங்கயும் பூசி வுடறயா?"