மூன்று ஷிஃப்டும் நான்தான்

"இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

முதலில் கேட்டவர், ஓசூரில் பயோடேட்டா எழுதித் தருபவர். குழந்தை பிறக்கும் முன் நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன்.

"பாப்பாவப் பாத்துக்கிட்டேன் சார்."

"அப்படிப் போட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டான் மேடம். பகல்ல யாரு பாத்தது?"

"நான்தான்."

"ராத்திரி?"

"அதுவும் நான்தான்."

"அப்போ மூணு ஷிஃப்டும் நீங்கதான்!"

'மூன்று ஷிஃப்டுகளையும் தனியாக நிர்வகித்த அனுபவம்' என்று எழுதிவிட்டார். பொய்யோ என்று பஸ்ஸில் வீடு வரும் வரை யோசித்தேன். முழுப் பொய் என்றும் தோன்றவில்லை.

நேற்று ஒரு கம்பெனியிலிருந்து மேலாளர் அழைத்தார். "உங்க கீழ எத்தனை பேரும்மா இருந்தாங்க?"

பதறிப்போய், "ஒரே ஆள்தான் சார். சொன்ன பேச்சு கேக்கறதே இல்ல" என்றேன்.

"எங்க லைன்லயும் அதே கதைதாம்மா. திங்கட்கிழமை நேர்ல வாங்க" என்று சிரித்தபடி போனை வைத்துவிட்டார்.

அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். திங்கட்கிழமை உண்மையை நானே முதலில் சொல்லிவிடுவதா, கேட்டால் மட்டும் சொல்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே, அன்று பாப்பாவை யாரிடம் விட்டுப் போவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.